ஜிமேட் 675 போதுமா?

ஜிமேட் என்பது வணிகப் பள்ளிகளின் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எழுதும் தேர்வு. அதன் இரண்டு மதிப்பெண் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் தாளில் குவான்ட் (கணக்கு) 80, வெர்பல் (மொழி) 87, டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளைப் படித்து முடிவெடுப்பது) 83. இரண்டாவதில் குவான்ட் 88, வெர்பல் 80, டேட்டா இன்சைட்ஸ் 82. ஜிமேட்டில் மூன்று பிரிவுகளுக்கும் ஒரே எடை. கூட்டினால் இரண்டு தாளிலும் 250 வருகிறது, மொத்த மதிப்பெண்ணும் இரண்டிலும் 675. முதல் தாளுக்குச் சொந்தக்காரர் இளநிலையில் கணிதம் படித்தவர். இரண்டாமவர் வரலாறு படித்துவிட்டு நிதித்துறைக்கு வர நினைப்பவர். இருவருக்கும் ஒரே கேள்விதான்: "மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஸ் படிப்புக்கு எனக்கு எவ்வளவு வாய்ப்பு?"

கணித மாணவரின் விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்குக் குவான்ட் 80 கொஞ்சம் உறுத்தும். ஆனால் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது கல்லூரியின் பாடவாரி கிரேடு பட்டியலை, திருப்பினால் லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் நல்ல கிரேடோடு வரிசையாக இருக்கின்றன. இவருக்குக் கணக்கு வருமா என்ற கேள்வி அதோடு அடங்கிவிடும். வேறொரு கேள்வி வரலாம்: நாலு பேர் குழுவில் வாய் திறந்து பேசுவாரா, ஒரு நிறுவனத்தைப் பற்றி இரண்டு பக்கம் தெளிவாக எழுதுவாரா? வெர்பல் 87 அதற்குப் பதில். வரலாற்று மாணவர் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். வருடக்கணக்கில் கட்டுரை எழுதியவருக்கு எழுத வருமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. டெரிவேட்டிவ்ஸ் வகுப்பில் மூன்றாவது வாரமே மூழ்கிவிடுவாரோ என்பதுதான் பயம். குவான்ட் 88 அந்தப் பயத்தைப் பெருமளவு தணிக்கும்.

இப்போது தாள்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கணித மாணவர் கையில் இருக்கும் குவான்ட் 88 ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான். வரலாற்று மாணவர் கையில் இருக்கும் குவான்ட் 80, அவர்மேல் இருந்த ஒரே சந்தேகத்தை அப்படியே விட்டுவைக்கிறது. மொத்தம் என்னவோ அதே 675தான்.

எத்தனையோ பேரின் விண்ணப்பங்களை அனுப்பும் முன் வாங்கிப் படித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. சேர்க்கைக் குழுவிடம் மதிப்பெண் வாங்கித் தருவது இடத்தை அல்ல. அவர்கள் மனதில் இருக்கும் ஒரு சந்தேகத்துக்கான பதிலை. ஆகவே "இந்த ஸ்கோர் போதுமா?" என்று கேட்பதற்கு முன்னால், "என் மீதி காகிதங்களைப் பார்க்கிறவருக்கு என்ன சந்தேகம் வரும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவுகோலே மாறிவிட்டது

சந்தேகம் இருக்கட்டும், முதலில் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். இதிலேயே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

பழைய ஜிமேட் 2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் மதிப்பெண் 200 முதல் 800 வரை, பத்துப் பத்தாக ஏறும். இப்போதுள்ள தேர்வு 2023 நவம்பரில் வந்தது. அதன் அளவுகோல் 205 முதல் 805 வரை, எல்லா மதிப்பெண்ணும் 5-இல் முடியும். எந்தத் தேர்வின் எண் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். தேர்வும் சுருங்கிவிட்டது. மூன்று பிரிவுகள், தலா 45 நிமிடம், மொத்தம் 64 கேள்விகள். கட்டுரை கிடையாது, வடிவியல் கிடையாது, வாக்கியத் திருத்தம் கிடையாது. டேட்டா சஃபிஷியன்சி என்ற கேள்வி வகை குவான்ட்டிலிருந்து டேட்டா இன்சைட்ஸுக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

பெர்சன்டைல் கணக்கில், அதாவது நூற்றுக்கு எத்தனை பேரைத் தாண்டினோம் என்று பார்த்தால், பழைய 700 இருந்த இடத்தில் இன்று ஏறக்குறைய 645 இருக்கிறது. ஆனால் காதில் விழுவதெல்லாம் பழைய பாட்டுதான். "700 தாண்டினால்தான் பேச்சே" என்று சீனியர் சொல்லியிருப்பார். அவர் எழுதியது பழைய தேர்வு. அதை நம்பி, 655 எடுத்தவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுபடி தேர்வுக்குப் பணம் கட்டுகிறார். ஜிமேட் மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும் என்பதால், 2029 தொடக்கம் வரை இரண்டு அளவுகோல்களும் புழக்கத்தில் இருக்கும். ஒரு கல்லூரி வெளியிடும் சராசரியைப் பார்க்கும்போது, கடைசி இலக்கம் 0-வா 5-ஆ என்று கவனிப்பது அவ்வளவு சின்ன விஷயமில்லை.

பிரிவு மதிப்பெண்களிலும் ஒரு வலை இருக்கிறது. மூன்றுமே 60 முதல் 90 வரைதான், ஆனால் ஒரே எண் மூன்றிலும் ஒரே உயரத்தில் இல்லை. குவான்ட்டில் 80 எடுத்தவர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரைத் தாண்டியிருப்பார். டேட்டா இன்சைட்ஸில் அதே 80 சுமார் ஐந்தில் நான்கு பங்குப் பேரைத் தாண்டிய இடம். "எனக்கு இரண்டிலும் 80, சமமாக இருக்கிறேன்" என்று நினைத்தால் ஏமாந்து போவோம். குவான்ட்தான் பின்தங்கி நிற்கிறது.

ஜிமேட்டுக்குப் பதிலாக ஜிஆர்இ என்ற இன்னொரு முதுநிலைத் தேர்வை எழுதியவர்களுக்கு இதே பிரச்சினை இன்னும் கூர்மையாக வரும். வெர்பல், குவான்ட் இரண்டும் 130 முதல் 170 வரை. வெர்பலில் 165 என்றால் நூறு பேரில் சுமார் 95 பேரைத் தாண்டிய நிலை. குவான்ட்டில் 165 என்றால் சுமார் 70 பேர். முழுதாக 170 எடுத்தாலும்கூட குவான்ட் பெர்சன்டைல் 99-ஐத் தொடாது, ஏனென்றால் உச்சியில் அவ்வளவு நெரிசல். கணிதம் கனமாக உள்ள நிதிப் படிப்புகளில் இதன் விளைவு விசித்திரமானது. அங்கே 170 எடுத்தவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, 163 எடுத்தவரை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஏறுவதற்கு இடமில்லாத தேர்வில் சறுக்கியது மட்டும் பளிச்சென்று தெரியும்.

ஜிமேட்டா, ஜிஆர்இயா என்பதற்கு என் பதில் சுருக்கமானது. பெரும்பாலான படிப்புகள் இரண்டையும் ஏற்கின்றன. இரண்டுக்கும் ஒரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதிப் பார்த்து, எதில் பெர்சன்டைல் அதிகமோ அதை எடுங்கள். கால்குலேட்டர் இல்லாமல் கை தடுமாறுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஜிஆர்இ குவான்ட்டில் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. ஜிமேட்டில் டேட்டா இன்சைட்ஸில் மட்டும்தான்.

சராசரிக்குள் இருப்பவர்கள் யார்

அடுத்தது, எல்லோரும் முதலில் தேடும் அந்த எண்: சென்ற ஆண்டு வகுப்பின் சராசரி. இதைக் கட்-ஆஃப் மாதிரி படிக்கிற பழக்கம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்து, தரவரிசை போட்டு, மேலிருந்து கீழே இடம் கொடுக்கும் முறையில் வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இங்கே வரிசை கிடையாது.

அந்த எண் யாருடைய சராசரி என்று கேளுங்கள். விண்ணப்பித்தவர்களுடையது அல்ல. இடம் கிடைத்தவர்களுடையதுகூட அல்ல. இடம் கிடைத்து, அதை ஏற்று, வந்து சேர்ந்தவர்களுடையது. மிக உயர்ந்த மதிப்பெண்காரர்களில் ஒரு பகுதியினர் வேறு கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைத்துப் போயிருப்பார்கள். அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

தேர்வு கட்டாயமில்லை என்று அறிவித்த படிப்புகளில் நிலைமை இன்னும் மங்கல். அங்கே மதிப்பெண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்பது மாணவர் முடிவு. 595 எடுத்தவர் அனுப்ப மாட்டார், 705 எடுத்தவர் கட்டாயம் அனுப்புவார். ஆக, அனுப்பியவர்களின் சராசரி தானாக மேலே போகும். அதைப் பார்த்துவிட்டு "இவர்கள் தரத்தை உயர்த்திவிட்டார்கள்" என்று அடுத்த வருடத்து ஆட்கள் பதறுவார்கள். உயர்ந்தது தரம் அல்ல, வடிகட்டிய விதம்.

சில கல்லூரிகள் சராசரியோடு நடுவில் உள்ள 80 சதவீதத்தினரின் வீச்சையும் தருகின்றன. சராசரியைவிட இது எவ்வளவோ பயனுள்ளது. பேச்சுக்கு 625 முதல் 715 வரை என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வகுப்பில் பத்தில் ஒருவர் 625-க்கும் கீழே எடுத்து உள்ளே வந்திருக்கிறார். உடனே 615 எடுத்தவருக்கு நம்பிக்கை பிறக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பத்தில் ஒருவர் யாராக இருக்கும்? மூன்று வருடம் ஒரு டிரேடிங் டெஸ்கில் உட்கார்ந்தவராக இருக்கலாம், இயற்பியலில் ஆய்வுக் கட்டுரை எழுதியவராக இருக்கலாம், வேறு யாரும் விண்ணப்பிக்காத நாட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம். வீச்சின் அடியில் நிற்கிறவர்கள் கையில் வேறு ஏதோ ஒன்று கனமாக இருந்திருக்கும். நம் கையில் அது இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடலாம். கல்லூரிகள் தனித்தனி ஆட்களை மட்டும் பார்ப்பதில்லை, ஒரு வகுப்பைக் கட்டுகின்றன. எத்தனை நாட்டவர், பெண்கள் எத்தனை சதவீதம், எத்தனை பாடப் பின்னணிகள் என்றெல்லாம் தங்கள் அறிக்கையில் பெருமையாகப் போடுகின்றன. தரவரிசைப் பட்டியல்களும் இவற்றில் சிலவற்றை எண்ணுகின்றன. விண்ணப்பங்களில் பெரும்பகுதி ஒரே மாதிரிப் பின்னணியிலிருந்து, ஒரே மாதிரி உயர்ந்த மதிப்பெண்ணோடு வந்தால், அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒருவரின் 675 அந்தக் கூட்டத்தோடுதான் ஒப்பிடப்படும். இது நியாயமா என்று கேட்டால், எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. ஆனால் வாய்ப்பைக் கணக்குப் போடுகிறவர் இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

ஒரே பெயர், வேறு வேறு வாசல்கள்

மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஸ் என்ற பெயரில் குறைந்தது மூன்று விதமான படிப்புகள் இருக்கின்றன. மதிப்பெண்ணின் எடை ஒவ்வொன்றிலும் வேறு.

லண்டன் பிசினஸ் ஸ்கூலில் இந்தப் பிரிவு கண்ணெதிரே தெரியும். அங்கே மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஸ் என்பது வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு. புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கு மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஷியல் அனாலிசிஸ் என்று தனியாக ஒன்று. கேம்பிரிட்ஜ் ஜட்ஜ் பிசினஸ் ஸ்கூலின் மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஸும் குறைந்தது இரண்டு வருட அனுபவம் கேட்கிறது. ஃபைனான்ஷியல் டைம்ஸ் 2011-இல் இந்தப் படிப்புகளுக்குத் தரவரிசை போடத் தொடங்கியபோதே, அனுபவத்துக்கு முன், அனுபவத்துக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் போட்டது. 725 எடுத்த இருபத்திரண்டு வயதுக்காரர் இரண்டாவது வகைக்கு விண்ணப்பித்தால் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். மதிப்பெண் குறைந்ததால் அல்ல, தவறான கதவைத் தட்டியதால்.

முதல் வகையில், அதாவது புதிய பட்டதாரிகளுக்கான படிப்புகளில், தேர்வு மதிப்பெண்ணுக்கு எடை அதிகம். காரணம் எளிது. அந்த வயதில் ஒருவர் கோப்பில் வேறு என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? ஒரு டிரான்ஸ்கிரிப்ட், இரண்டு இன்டர்ன்ஷிப், இரண்டு பரிந்துரைக் கடிதம். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கிரேடு முறைகளில் படித்தவர்களை ஒரே தராசில் வைக்க இருக்கும் ஒரே பொது எண் அந்தத் தேர்வுதான்.

மூன்றாவது, கணித நிதி. கார்னகி மெலனின் கம்ப்யூட்டேஷனல் ஃபைனான்ஸ், பெர்க்லியின் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங், நியூயார்க் பரூக் கல்லூரியின் படிப்பு, பிரின்ஸ்டனின் இரண்டாண்டு மாஸ்டர் இன் ஃபைனான்ஸ் ஆகியவை இந்தப் பக்கம் சாய்ந்தவை. கார்னகி மெலனில் வணிகப் பள்ளி தனியாக நடத்துவதில்லை. கணிதம், புள்ளியியல், தகவல் அமைப்புகள் ஆகிய துறைகளைச் சேர்ந்த கல்லூரிகளும் சேர்ந்து நடத்துகின்றன. விண்ணப்பத்தைப் படிக்கிறவர் யார் என்பது அதிலேயே தெரிகிறது. இங்கே குவான்ட் மதிப்பெண் வாசலில் காட்டும் டிக்கெட் மாதிரி. இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். இருப்பதால் மட்டும் உட்கார இடம் கிடைத்துவிடாது. நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், சி பிளஸ் பிளஸ் அல்லது பைதான் என்று தனித்தனியாக ஆதாரம் பார்ப்பார்கள். நேர்காணலில் ஒரு நாணயப் புதிரைப் போட்டுவிட்டு எப்படி யோசிக்கிறீர்கள் என்று உட்கார்ந்து கேட்பார்கள்.

டிரான்ஸ்கிரிப்டில் விரல் நிற்கும் இடம்

நான் விண்ணப்பம் பார்க்கும்போது டிரான்ஸ்கிரிப்டை மேலிருந்து கீழாகப் படிப்பதில்லை. கணிதம், புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ், கணக்கியல் என்று நாலு சொற்களைத் தேடிக்கொண்டு விரல் இறங்கும். அவற்றுக்குப் பக்கத்தில் என்ன கிரேடு என்று பார்த்தபிறகுதான் மொத்த ஜிபிஏவுக்கு, அதாவது எல்லாப் பாடங்களின் சராசரி கிரேடுக்குப் போவேன். சேர்க்கைக் குழுக்காரர்களும் இப்படியே செய்வார்கள் என்று நினைக்க எனக்குக் காரணம் இருக்கிறது: அவர்களுக்கு நேரம் குறைவு, சந்தேகம் நிறைய.

மொத்த ஜிபிஏ 3.7 வைத்திருந்த ஒருவரின் தாளில் மூன்றாம் செமஸ்டர் நிகழ்தகவில் மட்டும் 'சி' இருந்தது. அவர் அதைப் பற்றி எங்கும் ஒரு வார்த்தை எழுதவில்லை. "ஜிமேட் குவான்ட் 87 இருக்கே, அதுவே சொல்லிடாதா?" என்றார். பாதி சொல்லும். ஜிமேட் குவான்ட் சோதிப்பது பள்ளிக் கணிதத்தை வைத்து விரைவாக யோசிக்கும் திறனை. கால்குலஸ் அதில் கிடையாது. நிகழ்தகவுப் பாடத்தின் 'சி' கேட்கும் கேள்வி வேறு தளத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த செமஸ்டரில் புள்ளியியலில் 'ஏ' வாங்கியிருந்தால் அது பதில். இல்லையென்றால், கிரேடு தரும் ஒரு பல்கலைக்கழகப் பாடத்தைத் தனியாக எடுத்து முடிப்பது பதில். வீடியோ பார்த்து முடித்ததற்குக் கிடைக்கும் சான்றிதழ் ஆர்வத்தைக் காட்டும், திறனைக் காட்டாது.

நிதிப் பகுப்பாய்வாளர்களுக்கான தொழில்முறைத் தேர்வான சிஎஃப்ஏவின் முதல் நிலையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 180 கேள்விகள், இரண்டேகால் மணி நேர அமர்வுகள் இரண்டு. அதைத் தாண்டியிருந்தால் கணக்கியல், போர்ட்ஃபோலியோ, பாண்ட் விலை போன்ற அடிப்படைகள் தெரியும் என்பதற்கு நல்ல சாட்சி. வேறு துறையிலிருந்து வருகிறவருக்கு இது பெரிய பலம், ஏனென்றால் 'திடீரென்று ஏன் நிதித்துறை?' என்ற சந்தேகத்தை அது தீர்க்கிறது. ஏற்கெனவே வணிகவியல் படித்தவருக்கு அவ்வளவு பலன் இல்லை. கணித நிதிப் படிப்புக்கோ இது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. மறுபடியும் பாருங்கள், ஒரே சான்றிதழ், மூன்று விலை.

நோக்கக் கட்டுரையைப் பற்றி ஒரு வரி. "சிறுவயதிலிருந்தே பங்குச்சந்தை என்னை ஈர்த்தது" என்று தொடங்கும் கட்டுரைகளை நான் எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

வேலை நாட்காட்டி

மதிப்பெண்ணை விட்டுவிட்டு நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். ஒரு முதுநிலை நிதிப் படிப்பு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் ஒன்பது மாதம். எம்ஐடியின் மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஸ் 12 மாதம் அல்லது 18 மாதம், மாணவர் விருப்பம். கார்னகி மெலனுடையது 16 மாதம். இந்த மாதக் கணக்கு வெறும் கட்டண விஷயம் மாதிரித் தெரியும். உள்ளே வேறொரு கணக்கு ஓடுகிறது.

பெரிய முதலீட்டு வங்கிகள் அடுத்த ஆண்டு வேலைக்கும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கும் ஆள் எடுப்பது முந்தைய கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும், சில இடங்களில் அதற்கும் முன்பே. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் ஒன்பது மாதப் படிப்பில் சேர்கிறவர், நூலக அட்டை கைக்கு வரும் முன்பே வேலை விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய ரெஸ்யூமேயில் புதிய படிப்பின் பெயரைத் தவிர வேறொன்றும் ஏறியிருக்காது. முன்பே செய்த இன்டர்ன்ஷிப்தான் பேச வேண்டும். அது இல்லாதவருக்கு, நடுவில் ஒரு கோடைக்காலம் வரும் நீளமான படிப்பு எவ்வளவோ மேல்.

சேர்க்கைக் குழுவுக்கு இது நன்றாகத் தெரியும். படித்து வெளியே போனவர்களில் எத்தனை பேருக்கு மூன்று மாதத்தில் வேலை கிடைத்தது, சம்பளம் எவ்வளவு என்பவை தரவரிசைகளில் கணக்கில் வரும் காரணிகள். அதனால் விண்ணப்பத்தைப் படிக்கும்போது இரண்டு கேள்விகள் சேர்ந்தே ஓடும்: இவர் பாடத்தில் தேறுவாரா, இவருக்கு வேலை கிடைக்குமா. ஜிமேட் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். 735 எடுத்துவிட்டு இடம் கிடைக்காமல் போனவர்கள் "என்ன குறை வைத்தேன்?" என்று திகைப்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியை யாரும் அவர்களுக்குச் சொல்லாததால். முதலீட்டு வங்கி, அசெட் மேனேஜ்மென்ட், ரிஸ்க், கன்சல்டிங், ஃபின்டெக் எல்லாவற்றிலும் ஆர்வம் என்று ஒருவர் எழுதினால், படிக்கிறவருக்குக் கேட்பது ஒன்றுதான்: இவர் இன்னும் யோசிக்கவே இல்லை.

பத்து விண்ணப்பம், 89 சதவீதம்?

இனி ஒரு கணக்கு. பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறோம், ஒவ்வொன்றிலும் 20 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பத்திலும் தோற்பதற்கான வாய்ப்பு 0.8-ஐப் பத்து முறை பெருக்கினால் கிடைக்கும், சுமார் 0.11. அப்படியென்றால் ஒன்றிலாவது கிடைக்க 89 சதவீதம். அப்பாடா என்று தோன்றும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை. பத்தும் ஒன்றையொன்று சாராத நிகழ்வுகள் என்று வைத்துக்கொண்டுதான் பெருக்கினோம். ஆனால் பத்து இடத்துக்கும் போவது அதே டிரான்ஸ்கிரிப்ட், அதே மதிப்பெண், பெயர் மட்டும் மாற்றிய அதே கட்டுரை. முதல் கல்லூரி எந்தக் குறையைப் பார்த்து நிராகரித்ததோ, அதே குறையை ஒன்பதாவது கல்லூரியும் பார்க்கும். தோல்விகள் சேர்ந்தே வரும். 2008 நெருக்கடிக்கு முன் வீட்டுக் கடன்களை மூட்டை கட்டி விற்றவர்கள் செய்த பிழையும் இந்த வகைதான். ஆயிரம் கடன்களும் ஒரே நேரத்தில் வாராக் கடனாகாது என்று நினைத்தார்கள். வீட்டு விலை நாடு முழுக்கச் சேர்ந்து இறங்கியபோது எல்லாம் சேர்ந்து இறங்கியது. நிதி படிக்கப் போகிறவர் தன் விண்ணப்பப் பட்டியலிலேயே அந்தப் பிழையைச் செய்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

சார்பைக் குறைக்க ஒரே வழி, பட்டியலில் உண்மையிலேயே வெவ்வேறு விதமாக மதிப்பிடுகிற இடங்களைச் சேர்ப்பது. ஐந்து இடம் என்றால், மதிப்பெண்ணைக் கனமாகப் பார்க்கும் இரண்டு, டிரான்ஸ்கிரிப்டைக் கனமாகப் பார்க்கும் இரண்டு, ஒரு வருடம் தள்ளிப் போய் அனுபவத்தோடு போகக்கூடிய ஒன்று என்பது மாதிரி. பெயர் பெற்ற பத்து இடங்களுக்கு ஒரே கட்டுரையை அனுப்புவதைவிட இது நல்ல போர்ட்ஃபோலியோ. சுற்றுச் சுற்றாகவோ, விண்ணப்பங்கள் வர வர முடிவு செய்தோ இடம் தரும் படிப்புகளில் முன்கூட்டியே போவதும் உதவும். கடைசிச் சுற்றில் இடமும் குறைவு, ஸ்காலர்ஷிப் பணமும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

மறுபடி எழுதலாமா

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. ஜிமேட்டை 12 மாதத்தில் ஐந்து முறை எழுதலாம், இரண்டு தேர்வுக்கு நடுவில் 16 நாள் இடைவெளி வேண்டும். இன்றைய தேர்வில் நாம் அனுப்பும் மதிப்பெண் மட்டும்தான் கல்லூரிக்குத் தெரியும். சரியாகப் போகாத முயற்சிகள் நம்மோடேயே இருந்துவிடும். ஜிஆர்இயிலும் எந்தத் தேதியின் மதிப்பெண் போக வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அதனால் மறுபடி எழுதுவதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. நேரப் பிரச்சினை மட்டும் உண்டு.

எந்தத் தேர்விலும் அளவீட்டுப் பிழை இருக்கும். ஒரே ஆள், ஒரே திறனோடு, வேறொரு நாள் எழுதினால் ஜிமேட் மொத்த மதிப்பெண் முப்பது புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவது சாதாரணம். 675-க்கும் 685-க்கும் நடுவில் இருப்பது திறமை வித்தியாசம் என்று நினைத்து இரண்டு மாதம் செலவழிப்பது, காற்றில் ஆடும் தராசு முள்ளைத் துரத்துவது மாதிரி. மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 705 வந்துகொண்டிருந்து, தேர்வு நாளில் 655 வந்தால் எழுதுங்கள். ஒரு பிரிவு மட்டும் கவிழ்ந்து, அந்தப் பிரிவுதான் உங்கள் கோப்பின் பலவீனமும் என்றால் எழுதுங்கள். ஸ்காலர்ஷிப்புக்கு மதிப்பெண் பார்க்கும் இடம் என்றாலும் யோசிக்கலாம். மற்றபடி, வகுப்புச் சராசரியை எட்ட இன்னும் பத்துப் புள்ளி என்பதற்காக எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வரலாற்று மாணவருக்கு வருவோம். கடைசித் தேதிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 675-ஐ 695 ஆக்கலாமா என்று அவர் கேட்டால், குவான்ட் 88-க்கு மேல் அங்கே சம்பாதிக்க அதிகம் இல்லை என்பேன். வெர்பலை ஏற்றினால் யாருக்கும் இல்லாத ஒரு சந்தேகம்தான் தீரும். அவர் கோப்பில் பல்கலைக்கழக அளவில் ஒரு கணிதப் பாடம்கூட இல்லை, நிதித்துறையில் ஒரு நாள் வேலை பார்த்ததற்கும் சாட்சி இல்லை. பத்து வாரத்தில் லீனியர் அல்ஜீப்ராவை கிரேடோடு முடித்துவிடலாம். சனி ஞாயிறுகளில் ஒரு சிறிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, எக்செல்லில் மதிப்பீட்டு மாடல் ஒன்றைத் தானே கட்டிப் பார்க்கலாம். நேர்காணலில் "ஏன் நிதி?" என்று கேட்டால், அந்த மாடலில் எந்த அனுமானம் தப்பாகப் போனது என்பதிலிருந்து அவர் பேச ஆரம்பிக்கலாம்.